செசிலியா: ஒரு லத்தீன் பெண் பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செசிலியா என்றால் என்ன பொருள்?

குழந்தைகளுக்குப் பெயர் தேடித் தரும் பட்டியல்களில் 'பார்வையற்றவள்' என்று ஒரே சொல்லில் விடை இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்ட விடை. பழைய ரோமாபுரியில் கைக்கிலியுஸ் என்று ஒரு குலம் இருந்தது. அந்தக் குலப்பெயரின் பெண்பால் வடிவம்தான் கைக்கிலியா. அது காலப்போக்கில் செசிலியா ஆனது. ஆக, இந்தப் பெயரின் நேர்ப்பொருள் 'கைக்கிலியுஸ் குலத்துப் பெண்' என்பதே.

குலப்பெயருக்கு அடியில் 'கைக்குஸ்' என்ற லத்தீன் சொல் இருப்பதாக மரபு சொல்கிறது. கைக்குஸ் என்றால் பார்வையற்ற என்று பொருள். ஸ்பானிய மொழியின் 'சியேகோ' அதன் நேர் வாரிசு. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு முனை மூடிய பை ஒன்று உண்டு; மருத்துவர்கள் சீக்கம் என்பார்கள். அதுவும் இதே சொல்தான்: வழி முடிந்துபோன, 'கண்ணில்லாத' குடல்.

ஆனால் குலத்தின் முதல் ஆளுக்கு வாய்த்த பட்டப்பெயர் வேறு, இருபது தலைமுறை கழித்துப் பிறந்த பெண்ணின் பெயர் வேறு. எந்த ரோமத் தகப்பனும் தன் மகளைப் பார்த்து 'பார்வையற்றவள்' என்று பெயர் சூட்டவில்லை.

அந்தக் குலத்துக்கு ஏன் அப்படியொரு பெயர் வந்தது?

ரோமர்களிடம் இதற்கு ஒரு கதை இருந்தது. ரோமுக்குக் கிழக்கே பிரைனெஸ்தே என்றொரு ஊர் உண்டு. இன்றைய பெயர் பலெஸ்த்ரீனா. அங்கே அடுப்பருகில் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண்ணின் மடியில் தீப்பொறி ஒன்று தெறித்து விழுந்தது. அவள் கருவுற்றாள். பிறந்த பிள்ளையை வெளியே விட்டுவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் நெருப்பின் அருகில் கிடந்த அவனைக் கண்டெடுத்தார்கள். புகை பட்டுப் பட்டு அவன் கண்கள் சிறுத்திருந்தன; அதனால் கைக்குலுஸ் என்று பெயர் வைத்தார்கள். தீக்கடவுள் வுல்கானின் மகனான இவனே வளர்ந்து பிரைனெஸ்தே நகரை நிறுவினான் என்பார்கள். கைக்கிலியுஸ் குலத்தார் தங்கள் மூதாதை இவன்தான் என்றார்கள். திராய் நகரிலிருந்து ஈனியாசுடன் வந்த கைக்காஸ் என்பவனின் வழி என்று சொன்னவர்களும் உண்டு.

வம்சாவளியை ஒரு கடவுளிடமோ ஒரு திராய் வீரனிடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பது ரோமப் பெருங்குடும்பங்களின் வாடிக்கை. கைக்கிலியுஸ் குலம் பிறப்பால் பிளெபியன், அதாவது பொதுமக்கள் வகுப்பு. கடவுள் வழி வந்த கதை அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்பட்டிருக்கும். இதைவிட எளிய விளக்கம், குலத்தின் முன்னோர் ஒருவர் பார்வையற்றவராகவோ பார்வை மங்கியவராகவோ இருந்தார் என்பது. ரோமுக்கு வடக்கே வாழ்ந்த பழங்குடியினரான எத்ரூரியரின் மொழிப் பெயர் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் இருக்கிறார்கள்; அப்படியானால் 'பார்வையற்ற' என்ற பொருளே பின்னால் ஒட்டவைத்ததாகிவிடும்.

உடற்குறையைப் பெயராக்குவது ரோமில் இழிவாகவும் கருதப்படவில்லை. கிளாவுதியுஸ் என்ற பெயரில் கால் நொண்டுவதைக் குறிக்கும் சொல் இருக்கிறது. ஸ்த்ராபோ என்றால் மாறுகண். புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் பெயரில் இருப்பது கொண்டைக்கடலை; மூதாதை ஒருவரின் மூக்கு நுனியில் கடலையைப் போல ஒரு பிளவு இருந்ததாம்.

ரோமில் இது பெண்ணின் சொந்தப் பெயராக இருந்ததா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ரோமக் குடியரசுக் காலத்தில் ஆண்களுக்கு மூன்று பெயர்கள் வரை இருந்தன: தனக்கான பெயர், குலப்பெயர், குடும்பக் கிளைப்பெயர். பெண்களுக்குப் பெரும்பாலும் குலப்பெயரின் பெண்பால் மட்டுமே. யூலியுஸ் குலத்தில் பிறந்தால் யூலியா. கிளாவுதியுஸ் என்றால் கிளாவுதியா. கைக்கிலியுஸ் என்றால் கைக்கிலியா. மூன்று பெண்கள் பிறந்தால் மூவருக்கும் அதே பெயர். ஜூலியஸ் சீசரின் இரண்டு சகோதரிகளும் யூலியா, அவருடைய மகளும் யூலியா. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மூத்தவள், இளையவள், மூன்றாமவள் என்று ஒட்டிக்கொண்டார்கள்.

கைக்கிலியுஸ் குலத்தில் மிகப் புகழ்பெற்ற கிளை மெத்தெல்லுஸ். கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் ரோமின் உயர்ந்த பதவியான கான்சல் பொறுப்பை இந்தக் கிளையினர் அடுத்தடுத்து வகித்தார்கள். அதனால் வரலாற்றில் கைக்கிலியா மெத்தெல்லா என்ற பெயரில் பல பெண்கள் வருகிறார்கள். சர்வாதிகாரி சுல்லாவின் மனைவியருள் ஒருவரும் அப்பெயர்தான். ஆய்வாளர்களுக்கே தலைசுற்றும்.

தந்தையின் குலம் மாறினால் மகளின் பெயரும் மாறும். சிசரோவின் நெருங்கிய நண்பர் அத்திக்குஸ் பொம்போனியுஸ் குலத்தில் பிறந்தவர். தாய்மாமன் கைக்கிலியுஸ் தம் உயிலில் அவரைச் சுவீகாரம் எடுத்துச் சொத்தையும் விட்டுச்சென்றார். ஆகவே அத்திக்குஸின் மகள் கைக்கிலியா அத்திக்கா என்று அழைக்கப்பட்டாள். சொத்தோடு சேர்ந்து வந்த பெயர் அது.

கைக்கிலியா மெத்தெல்லாவின் கல்லறை என்கிறார்களே, அது எது?

ரோமிலிருந்து தெற்கே போகும் ஆப்பியச் சாலையில், நகரத்திலிருந்து மூன்று மைல் தொலைவில் நிற்கும் பெரிய உருளை வடிவக் கட்டடம். விட்டம் ஏறத்தாழ 29 மீட்டர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. அதன் கல்வெட்டு மிகச் சிக்கனமானது: குயிந்துஸ் கிரேத்திக்குஸின் மகளும் கிராசுஸின் மனைவியுமான கைக்கிலியா மெத்தெல்லாவுக்கு. அவ்வளவுதான். யாருடைய மகள், யாருடைய மனைவி என்பது தவிர அந்தப் பெண்ணைப் பற்றி அத்தனை பெரிய கட்டடம் ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லவில்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயெத்தானி என்ற பிரபுக் குடும்பம் அதைத் தங்கள் கோட்டையின் கோபுரமாக்கிக்கொண்டது. உச்சியில் இன்றும் தெரியும் பல்வரிசைச் சுவர் அவர்கள் கட்டியது.

ஒரு வேடிக்கை: அந்தச் சாலையைக் கி.மு. 312இல் போடத் தொடங்கியவர் ஆப்பியுஸ் கிளாவுதியுஸ் கைக்குஸ். முதுமையில் பார்வை இழந்ததால் அவருக்கு அந்தப் பட்டம். பார்வையற்றவர் என்று பெயர்பெற்றவர் போட்ட சாலையில், அதே வேர்ச்சொல்லைப் பெயரில் சுமந்தவளின் கல்லறை நிற்கிறது.

புனித செசிலியா யார்?

இந்தப் பெயர் ரோமக் குலத்தோடு மறைந்துபோகாமல் உலகம் முழுவதும் பரவியதற்கு இவரே காரணம். இவரைப் பற்றிய வரலாறு கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதன்படி, செசிலியா கன்னிமையைக் கடவுளுக்கு அர்ப்பணித்த கிறிஸ்தவ உயர்குடிப் பெண். வலேரியான் என்பவருக்கு அவரை மணமுடித்து வைத்தார்கள். மணநாள் இரவிலேயே கணவரை மனமாற்றினார். பின்னர் வலேரியானும் அவர் தம்பி திபூர்சியுவும் கொல்லப்பட்டார்கள். செசிலியாவை அவர் வீட்டுக் குளியலறையிலேயே வெந்நீராவியில் மூச்சுத்திணற வைத்துக் கொல்ல முயன்றார்கள், முடியவில்லை. கொலையாளி மூன்று முறை கழுத்தில் வெட்டினான். அதன் பிறகும் மூன்று நாள் உயிரோடிருந்து, தம் வீட்டைக் கோயிலாக்கச் சொல்லிவிட்டு இறந்தார்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பக்திக் கற்பனை என்று பிரிப்பது கடினம். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திலேயே எழுதப்பட்ட சான்று எதுவும் கிடையாது. ரோமின் திராஸ்தெவெரே பகுதியில் அவர் பெயரில் ஒரு கோயில் இருந்ததை 499ஆம் ஆண்டுத் திருச்சங்கப் பதிவு காட்டுகிறது. 821இல் திருத்தந்தை முதலாம் பாஸ்கால் அவருடைய எச்சங்களைக் கல்லறைச் சுரங்கத்திலிருந்து அங்கே கொண்டுவந்து வைத்தார்.

1599இல் அந்தக் கல்லறையைத் திறந்தார்கள். மறு ஆண்டில் ஸ்தெபானோ மதேர்னோ என்ற இளம் சிற்பி வெள்ளைப் பளிங்கில் ஓர் உருவம் செதுக்கினார். ஒருக்களித்துக் கிடக்கும் பெண். துணி சுற்றிய தலை தரைப்பக்கம் திரும்பியிருக்கிறது, கழுத்தில் வெட்டுக்கோடு. உடலைத் தாம் கண்டபடியே செதுக்கியதாக அவர் சொல்லும் உறுதிமொழியைச் சிலைக்கு முன்னால் தரையில் பொறித்திருக்கிறார்கள். புனிதர் சிலைகள் என்றால் வானத்தை நோக்கிக் கண்ணுயர்த்தி நிற்கும் என்று பழகிய கண்களுக்கு, முகத்தைக் காட்டாத இந்தச் சிலை இன்றும் அதிர்ச்சிதான்.

அவர் இசைக்குப் பாதுகாவலர் ஆனது எப்படி? பாடகியா?

பாடகியும் அல்ல, எந்தக் கருவியையும் வாசித்ததாகப் பழைய வரலாற்றில் செய்தியும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த வரலாற்றில் அவர் இசையைக் காதில் வாங்காமல் இருந்தவர்.

திருமண நாளின் வருணனையில் ஒரு வரி வருகிறது: இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருக்க, அவள் தன் உள்ளத்துக்குள் ஆண்டவர் ஒருவரை நோக்கியே பாடினாள், தன் இதயமும் உடலும் மாசுபடாமல் இருக்கட்டும் என்று வேண்டினாள். மேளதாளம் வெளியே, மன்றாட்டு உள்ளே. இரண்டும் எதிரெதிர் என்பதுதான் அந்த வரியின் கருத்து.

பிறகு இந்த வரி அவருடைய திருநாள் வழிபாட்டுப் பாடலாகச் சுருக்கப்பட்டது. சுருக்கியபோது 'உள்ளத்துக்குள்' என்ற சொல் விடுபட்டது. மிஞ்சியது: இசைக்கருவிகள் ஒலிக்க, செசிலியா ஆண்டவருக்குப் பாடினாள். போதாக்குறைக்கு, கருவிகள் என்று பொருள்பட்ட 'ஓர்கனா' என்ற லத்தீன் சொல் இடைக்காலத்தில் கோயில்களின் குழாய் ஆர்கனைக் குறிக்கத் தொடங்கியது. கேட்டவர்கள் செசிலியாவை ஆர்கன் அருகில் உட்காரவைத்துவிட்டார்கள். ஓவியர்கள் கையில் சிறிய ஆர்கனைக் கொடுத்தார்கள். ரபேல் மட்டும் பழைய கருத்தை நினைவில் வைத்திருந்தவர் போலிருக்கிறது. ஏறத்தாழ 1515இல் அவர் தீட்டி, இன்று பொலோஞ்ஞா நகரில் இருக்கும் ஓவியத்தில் செசிலியாவின் கையிலுள்ள ஆர்கனின் குழாய்கள் நழுவி விழுகின்றன. காலடியில் உடைந்த கருவிகள் கிடக்கின்றன. அவர் மேலே வானவர் பாடுவதைக் கேட்கிறார்.

சொல் ஒன்று உதிர்ந்ததால் கிடைத்த பதவி என்றாலும், அதன் விளைச்சல் பெரிது. 1585இல் ரோமில் தொடங்கிய இசைக் கலைஞர் சங்கம் பின்னர் புனித செசிலியா இசைக்கழகமாக வளர்ந்து இன்றும் இயங்குகிறது. லண்டனில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் திருநாளுக்கு ஆண்டுதோறும் புதிய இசைப்பாடல் எழுதுவித்தார்கள். 1692இல் பர்செல் இசையமைத்ததும், கவிஞர் டிரைடனின் பாடலுக்கு 1739இல் ஹாண்டல் இசையமைத்ததும் இந்த மரபில் வந்தவை. திருநாள் நவம்பர் 22. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1913இல் பிறந்ததும் அதே நாளில்தான். அவரும் 1942இல் செசிலியாவுக்கு ஒரு பாடல் அமைத்தார்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கத்தோலிக்கப் பங்குகளின் பாடகர் குழுக்கள் நவம்பரில் இவர் திருநாளைக் கொண்டாடுவதற்கும் அந்த ஒற்றை வரிதான் மூலம்.

சில இடங்களில் 'வானத்து லில்லி' என்று பொருள் போட்டிருக்கிறார்களே?

அது 13ஆம் நூற்றாண்டு விளக்கம். புனிதர் வரலாறுகளைத் தொகுத்த இத்தாலியத் துறவி யாக்கோபுஸ் தெ வொராஜினே செசிலியா என்ற பெயரைப் பலவிதமாகப் பிரித்துப் பார்த்தார்: வானத்து லில்லி, பார்வையற்றோருக்கு வழி, குருட்டுத்தன்மை இல்லாதவள், வானமும் லேயாவும், மக்களின் வானம். லேயா என்பது விவிலியத்தில் யாக்கோபின் மனைவி. உழைப்பு மிகுந்த வாழ்வுக்கு அடையாளம். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இவற்றை அப்படியே தம் கதைப்பாடலின் முகப்பில் எடுத்தாண்டார்.

மொழியியல்படி இவற்றில் ஒன்றும் நிற்காது. ஆனால் பெயரைப் பிரித்துப் பிரித்து அதைத் தாங்கியவரின் குணத்தைத் தேடுவது அந்தக் காலத்தவருக்கு ஒரு தியான முறை. அகராதி வேலை அல்ல. எனக்கு அந்தப் பட்டியலில் பிடித்தது 'பார்வையற்றோருக்கு வழி'. 'பார்வையற்ற' என்ற சங்கடமான பொருளை ஒளித்து வைக்காமல், அதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

பொருளை நினைத்தால் குழந்தைக்கு வைக்கத் தயக்கமாக இருக்கிறது. வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். கிளாவுதியா என்று வைத்தவர்கள் யாரும் நொண்டுதலை நினைக்கவில்லை. பவுலா என்று வைத்தவர்கள் சிறிய உருவத்தை நினைக்கவில்லை. பெரும்பாலோர் ஒரு பாட்டியின் நினைவாக, அல்லது நவம்பர் 22ஐ ஒட்டிப் பிறந்ததால், அல்லது வீட்டில் இசை இருப்பதால் செசிலியாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலும் பார்வையின்மையை அவச்சொல்லாக எடுத்துக்கொண்டு அஞ்சுவதே எனக்கு அவ்வளவு நல்ல காரணமாகப் படவில்லை.

சரியான உச்சரிப்பு எது?

எந்தக் காலத்தில், எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது. சிசரோ காலத்து லத்தீனில் கைக்கிலியா. பிற்கால லத்தீனில் 'க' ஒலி, 'எ', 'இ' ஆகிய உயிர்களுக்கு முன்னால் மெலிந்து திரிந்தது. இத்தாலியர் செச்சீலியா என்பார்கள். ஜெர்மானியர் ட்சேட்சீலியா, பிரெஞ்சுக்காரர் சேசில். ஆங்கிலத்தில் சிசீலியா, செசீலியா இரண்டும் உண்டு. தமிழில் செசிலியா நிலைபெற்ற வடிவம். சிசிலியா, செசிலி என்றும் எழுதுவார்கள். கேரளத்தில் சிசிலி மிகப் பரவலான பெயர். எதையாவது ஒன்றைப் பிறப்புச் சான்றிதழில் எழுதிவிட்டு, எல்லா ஆவணங்களிலும் அதையே பின்பற்றுவது நல்லது.

வேறு மொழிகளில் இதன் வடிவங்கள் என்ன? ஷீலாவும் இதுதான் என்பது உண்மையா?

உண்மை, அயர்லாந்தின் ஷீலாவைப் பொறுத்தவரை. 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர், அதாவது வடபிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்றவர்கள், அயர்லாந்துக்குள் நுழைந்தபோது சேசில் என்ற பிரெஞ்சு வடிவம் அவர்களோடு போனது. ஐரிஷ் நாவில் அது 'ஷீலெ' ஆகி, ஆங்கில எழுத்தில் ஷீலா ஆனது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்களோடு போய், பேச்சுவழக்கில் 'பெண்' என்பதற்கே பொதுச்சொல்லாகிவிட்டது. இன்று அதில் கொஞ்சம் ஏளனமும் கலந்திருக்கிறது.

நம் நாட்டு ஷீலாவுக்கு வேர் வேறு. அது சமஸ்கிருதத்தின் 'சீல'. தமிழில் சீலம், நல்லொழுக்கம். ஆக, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஷீலா என்ற பெண் இருந்தால் அவள் எந்த ஷீலா என்பதைப் பெயர் வைத்தவரைக் கேட்டால்தான் தெரியும். அவர்களும் பெரும்பாலும் 'கேட்க நன்றாக இருந்தது' என்றுதான் சொல்வார்கள்.

மற்றவை: இங்கிலாந்தில் செசிலி, டென்மார்க்கில் சிட்செல், நார்வேயில் சிசெல், போலந்தில் ட்செட்சில்யா. இங்கிலாந்துக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர்களும் நார்மானியர்களே. இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னர் வில்லியமின் மகள் ஒருவர் செசிலியா. பிரான்சின் கான் நகரில் கன்னியர் மடத் தலைவியாக வாழ்ந்தார்.

இந்தப் பெயருடைய புகழ்பெற்றவர்கள் யார்?

லியொனார்தோ டாவின்சி வரைந்த, கையில் வெண்கீரியை ஒத்த சிறு விலங்கை ஏந்திய பெண் செசிலியா கல்லெரானி. மிலான் ஆட்சியாளர் லுதொவீக்கோ ஸ்போர்சாவின் காதலி. ஓவியம் போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கிறது. பாட்டில், இத்தாலியின் செச்சீலியா பார்த்தொலி. பெயருக்குப் பொருத்தமான தொழில்.

ஆனால் என்னைக் கேட்டால் முதலிடம் வானியலாளர் செசிலியா பெய்னுக்குத்தான். 1900இல் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார்; பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பட்டம் தரவில்லை. 1923இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்குப் போனார். அணுக்கள் வெப்பத்தில் அயனியாவதைப் பற்றி இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920இல் வகுத்த கோட்பாட்டை எடுத்துக்கொண்டு விண்மீன்களின் ஒளிநிரல்களை ஆராய்ந்தார். விண்மீன்கள் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனவை என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அவருடைய கணக்கோ ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மிகப் பெரும்பகுதி என்றது. அக்காலத்தின் பெரும் வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் அது சாத்தியமில்லை என்றார். அதனால் 1925இல் தம் முனைவர் ஆய்வேட்டில், இந்த முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று அவரே எழுதவேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து ரஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து ஒப்புக்கொண்டார். ஹார்வர்டு பெய்னை முழுப் பேராசிரியர் ஆக்கியது 1956இல்தான். பெயரில் 'பார்வையற்ற' இருந்தவர், மற்றவர்கள் பார்க்க மறுத்ததைப் பார்த்தார்.

விலங்கியல் பாடத்தில் வரும் சிசிலியன்களுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

வேர் ஒன்று. மண்ணுக்குள் வாழும் காலில்லாத இருவாழ்விகளுக்குப் பொதுவாகச் சிசிலியன்கள் என்று பெயர். பார்வைக்குப் பெரிய மண்புழுவைப் போல இருக்கும். கண்கள் மிகச் சிறியவை, தோலுக்கு அடியில் மறைந்திருப்பவை. 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸ் இவற்றுக்குக் கைக்கிலியா என்ற பேரினப் பெயரைச் சூட்டியபோது அவர் மனத்தில் இருந்தது புனிதரும் அல்ல, ரோமக் குலமும் அல்ல. கண் தெரியாத ஊர்வனவற்றுக்கு லத்தீனில் வழங்கிய பழைய சொல்.

அவர் அன்று விவரித்த இனங்களில் ஒன்று இலங்கையில் வாழ்வது. பிறகு அதைப் பிரித்து இக்தியோஃபிஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். அந்தப் பேரினத்தின் வேறு இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரமண்ணிலும் தோட்டங்களிலும் வாழ்கின்றன. மழைக்காலத்தில் வெளியே வந்தால் பாம்பென்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். பாவம், மனிதருக்கு அவை ஒரு தீங்கும் செய்வதில்லை.

செசில் என்பது இதன் ஆண்பாலா? சீலியா, சிசிலி தீவு?

ஆண்பால் என்று பலர் எண்ணினாலும், ஆங்கிலத்தின் செசில் வேல்ஸ் மொழியின் செய்சில்த் என்ற பெயரிலிருந்து குடும்பப்பெயராகி, பின்பு ஆண்களின் முதற்பெயரானது. அதன் மூலம் 'ஆறாவது' என்று பொருள்படும் லத்தீன் பெயராக இருக்கலாம். உண்மையான ஆண்பால் வடிவங்கள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வழங்கும் செச்சீலியோ, செசிலியோ.

சீலியா கைலியுஸ் என்ற வேறொரு ரோமக் குலத்தின் பெண்பால். ஆனால் ஆங்கிலேயர் செசிலியாவைச் சுருக்கியும் சீலியா என்றழைப்பதால் இரண்டும் கலந்துவிட்டன. சிசிலி தீவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது சிக்கெல்கள் என்ற பழங்குடி மக்களால் வந்த பெயர்.